மதியத்தில் குளிரும் இலை

பலெர்மோ
18 ஜூலை 2023

அன்புள்ள ஜூலி மச்சாள்,

நானும் என்னவர் றமேசும் இங்கே நல்ல சுகம். நீயும் அண்ணாவும் சின்னவன் றொஜரும் அப்படியே இருக்க மடு மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் முழங்கால் நோ குறைந்ததா?

கடித உறையைக் கண்டு பயந்திருப்பாய். கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. போனில் கதைத்தால் ஏர்னஸ்ற் அண்ணா பக்கத்தில் நின்று வெயிலையும் விலைவாசியையும் விசாரிப்பார். இது நீயும் நானும் ஒன்றாகத் தாவரவியல் படித்த காலத்துக் கதை. உன்னோடு மட்டும் கதைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கால்சாப் பகுதியில் நான் வீட்டு வேலை செய்து பார்த்துக்கொள்ளும் வயதான அம்மா, சிஞ்ஞோரா அகாத்தாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த இடம். எண்பது வருடமாக யாரும் கட்டவில்லை. கல்லும் சுண்ணாம்பும் மணலும்தான். போன செவ்வாய் மதியம் ஒரு மணிக்குக் குப்பை போடப் போனேன். நாற்பது பாகை வெயில். கற்களுக்கு நடுவே ஒரு கொடி தரையோடு படர்ந்து கிடந்தது. சொரசொரப்பான, வெட்டுப்பட்ட இலைகள், சின்ன மஞ்சள் பூக்கள். சுற்றிலும் புல் கருகியிருக்க, இது மட்டும் வாடவில்லை. குனிந்து ஓர் இலையை விரல்களுக்கிடையில் பிடித்தேன். குளிர்ந்தது.

பேய்க்கொம்மட்டி. மன்னாரில், பேசாலை மணலில் நான் ஒரு வருடம் முழங்காலில் நின்று அளந்த அதே பாலைநிலச் செடி. அடியிலிருந்து நீரை இழுத்து இலை வழியே ஆவியாக விட்டு, கொதிக்கிற மணலில் தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்ளும் செடி. இங்கே எப்படி வந்ததென்று தெரியாது. தெற்கே கடலைத் தாண்டினால் துனீசியா; மண்ணோடு வந்திருக்கலாம்.

ஓர்த்தோ என்று இங்கே சொல்லும் தாவரத் தோட்டம் பத்து நிமிட நடை. ஓர் இலையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனேன். தொத்தோரெஸ்ஸா கிராசியா என்று ஒரு ஆய்வாளர் வந்து பார்த்தார். வத்தகப்பழம், யாரோ தின்று துப்பிய விதை என்றார். பல்லாரோ சந்தையில் இப்போது மலைமலையாக வத்தகப்பழம்தானே. இல்லை, இது பல்லாண்டுச் செடி, எனக்கு இதைத் தெரியும் என்று நான் சொன்னேன். வீடு துடைக்க வந்தவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் முகத்தில் இருந்தது.

அப்பா இறந்து, நான் ஆய்வேட்டைக் கொடுக்காமலே 2006இல் இத்தாலிக்கு விமானம் ஏறியபோது, உன் கையில் தந்த பச்சை மட்டைக் கொப்பியை நினைவிருக்கிறதா? அளவுகள் எல்லாம் அதில்தான். அதை அனுப்பிவை, மச்சாள். அவருக்குக் காட்ட வேண்டும்.

அண்ணாவுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

மாக்கிரட்

*

வவுனியா, இறம்பைக்குளம்
20 ஓகஸ்ட் 2023

அன்பின் மாக்கிரட்,

கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் நினைவூட்டுகிறது. நீயும் றமேசும் வெயிலில் கவனமாயிருங்கள்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அங்கே போயும் அந்தச் செடியைக் கண்டுபிடித்திருக்கிறாய்! அதன் காயை வெட்டி நாக்கில் வைத்துப் பார், வத்தகப்பழமென்றால் கசக்காது. விதையை முளைக்கப் போடுவதானால் இருட்டில் போடு. வெளிச்சம் பட்டால் முளைக்காது. மணல் ஐம்பத்தெட்டுப் பாகை சுடும்போதும் இலை முப்பதிலேயே நின்றது என்று சொல்லு, அந்த அம்மா நம்புவா.

றொஜருக்கு இந்த வருடம் ஆறாம் வகுப்பு, வருடக் கடைசியில் பரீட்சை. கணிதத்துக்கு ஒரு வாத்தியாரைப் பிடித்திருக்கிறோம், ஞானசேகரம் என்று, நல்லாய்ச் சொல்லிக்கொடுக்கிறார். நான் படிப்பிக்கும் கல்லூரியில் எனக்கு விஞ்ஞானப் பிரிவின் பொறுப்பைத் தந்திருக்கிறார்கள். நேரமே இல்லை. அண்ணா மீன் வாங்கப் பேசாலை போய்வருவதை மட்டும் விடவில்லை.

கொப்பியைத் தேடிப் பார்க்கிறேன். வீடு நாலு தரம் மாறிவிட்டோம்.

செபத்தில் உன்னை நினைக்கும்,
ஜூலி

*

பலெர்மோ
1 ஒக்டோபர் 2023

அன்புள்ள ஜூலி மச்சாள்,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் வேண்டுகிறேன். எனக்கு ஒரு தடிமன் வந்து போனது, வேறொன்றும் இல்லை. விஞ்ஞானப் பிரிவின் பொறுப்பு உனக்கென்று கேட்டு றமேஸ் சந்தோசத்தில் இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

காய் பிடித்துவிட்டது. சின்னத் தோடம்பழம் அளவு, பச்சையில் வரி. ஒன்றை வெட்டி நாக்கு நுனியில் வைத்தேன். அன்று முழுக்கக் குடித்த கோப்பிகூடக் கசந்தது. ஒரு காயைத் தொத்தோரெஸ்ஸாவின் மேசையில் வைத்தேன். அவரும் நக்கிப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் போத்தலைத் தேடினார். அடுத்த நாள் மதியம் ஒரு கருவியோடு காணிக்கு வந்தார். காற்று முப்பத்தேழு, இலை இருபத்தொன்பது. நான் சொன்னேன், இப்போது காம்பை வெட்டுங்கள் என்று. வெட்டினார். இலையைக் கொடியின் மேலேயே விட்டு அளந்தோம். ஐந்து நிமிடத்தில் நாற்பத்தொன்று. பத்தாவது நிமிடத்தில் இலை துவண்டு தொங்கியது. இந்தச் சோதனை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். நானாகவே செய்தது, இருபத்துமூன்று வயதில் என்றேன்.

ஆனாலும் அவர் பிடி கொடுக்கவில்லை. பல்லாண்டுச் செடியென்றால் குளிர்காலத்தில் கொடி செத்து, வசந்தத்தில் அதே வேரிலிருந்து துளிர்க்க வேண்டும், பார்ப்போம் என்கிறார். பார்க்கட்டும். வேரை நம்பி நான் எதையும் பந்தயம் வைப்பேன்.

இன்னொரு விசயம். தோட்டத்தின் விதை அறையில் ஒரு கூட்டுறவு அமைப்பின் மூலம் அடுத்த கோடையில் ஆள் எடுக்கப் போகிறார்கள். பட்டம் கட்டாயமில்லையாம், ஆனால் நான் களத்தில் வேலை செய்ததற்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் வேண்டும். எனக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்தக் கொப்பி. ஐம்பத்தெட்டுப் பாகை என்று எண்ணைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறாய். கொப்பியும் அகப்படும். நன்றாகத் தேடு.

உன் அன்புள்ள
மாக்கிரட்

*

வவுனியா
10 டிசம்பர் 2023

அன்பின் மாக்கிரட்,

பிந்தியதற்கு மன்னித்துக்கொள். மழை, பரீட்சை, பிறகு எனக்குக் காய்ச்சல். இப்போது சுகம். நீங்கள் இருவரும் சுகமாக நத்தாரைக் கொண்டாட வாழ்த்துகிறோம்.

கொப்பி கிடைக்கவில்லை. வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்தபோது போயிருக்க வேண்டும். அப்போது எதைத்தான் காப்பாற்ற முடிந்தது. அதை நம்பி நீ இருக்காதே. வேறு வழி ஏதும் இருக்கும்.

ஜூலி

*

பலெர்மோ
11 பெப்ரவரி 2024

அன்புள்ள ஜூலி மச்சாள்,

காய்ச்சல் திரும்பி வரவில்லையே? இங்கே நாங்கள் சுகம். சிஞ்ஞோரா அகாத்தா வழுக்கி விழுந்தார், எலும்புக்கு ஒன்றும் இல்லை. கோபம் மட்டும் உடைந்து வெளியே வந்தது.

டிசம்பரில் கொடி முழுக்கக் காய்ந்து சருகாகிவிட்டது. நான் கவலைப்படவில்லை. ஆனால் போன வியாழன் காலை ஒரு மண்வாரி இயந்திரம் காணிக்குள் வந்து நின்றது. வாகனம் நிறுத்த இடம் சமப்படுத்துகிறார்களாம். நான் வீட்டுச் செருப்போடு ஓடிப்போய் முன்னால் நின்றேன். ஓட்டுநர் இறங்கி, என்ன வேண்டும் என்றார். இதற்குக் கீழே ஒரு செடி இருக்கிறது என்றேன். அவர் குனிந்து பார்த்தார். சருகுதான் தெரிந்தது. அம்மா, இது செத்துவிட்டது, நகருங்கள் என்றார், மரியாதையாகத்தான்.

நான் முழங்காலிட்டுக் கையால் மண்ணை விலக்கினேன். ஒரு சாண் கீழே வேர், என் மணிக்கட்டுத் தடிப்பு. நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. இதைப் பாருங்கள், செத்ததா என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதற்குள் சிஞ்ஞோரா மாடத்தில் வந்து நின்று, அவனுடைய தாயைத் தனக்குத் தெரியும் என்று சிசிலிய மொழியில் தெரு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். தெரியாது என்று பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டார். நான் போனில் கூப்பிட்ட தொத்தோரெஸ்ஸா, தோட்டத்தின் கடிதம் ஒன்றோடு வரும்வரை அந்த மனிதர் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார். இப்போது அந்த மூலையைச் சுற்றி இரண்டு மீற்றருக்குச் செம்மஞ்சள் வலை கட்டியிருக்கிறது.

நத்தாருக்கு அண்ணாவோடு கதைத்தபோது கொப்பியைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. நீ எழுது.

றொஜரின் பரீட்சைக்கு என் செபம் உண்டு.

மாக்கிரட்

*

பலெர்மோ
21 ஏப்ரல் 2024

ஜூலி மச்சாள்,

சுகமா? பத்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நாங்கள் சுகம்.

ஏப்ரல் பதினாறு காலை, வலைக்குள் மூன்று துளிர்கள். விதையிலிருந்து வரவில்லை; அந்த வேரின் தலையிலிருந்து. தொத்தோரெஸ்ஸா நல்ல காற்சட்டையோடு மண்ணில் முழங்காலிட்டு, மண்ணை ஊதி ஊதிப் பார்த்தார். எழும்பி என் கையைப் பிடித்தார்.

"மாக்கிரட், போன வருசம் நான் உங்களைப் பார்த்த பார்வைக்கு மன்னியுங்கோ" என்றார்.

தன் முகத்தில் இருந்தது அன்றைக்கே தனக்கும் தெரிந்திருந்ததாம். இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், உங்கள் பெயரோடு என்கிறார். மன்னார் அளவுகள் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமாம்.

நான் இன்னும் காத்திருக்கிறேன்.

மாக்கிரட்

*

வவுனியா
9 மே 2024

மாக்கிரட்,

நீயும் றமேசும் சுகமாயிருங்கள். என் சுகத்தைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆகவே விசயத்துக்கு வருகிறேன்.

கொப்பி தொலையவில்லை. என் அலுமாரியில், என் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. அண்ணா இதைத்தான் உனக்குச் சொல்லியிருப்பார். அவருக்கு அது உன் ஞாபகப்பொருள், அவ்வளவுதான்.

வன்னியில் என் கொப்பிகள் இருந்த பை போய்விட்டது. உன்னுடையது என் சட்டைக்குள் இருந்தது. பத்திரமாக வைத்திருப்பேன் என்று உனக்குச் சொன்னதற்காக அதைப் பதுங்குகுழி பதுங்குகுழியாகக் கொண்டு திரிந்தேன். முகாமுக்குள்ளும் கொண்டுபோனேன். இதை என் பக்கத்து நியாயமாக எழுதவில்லை. நடந்தது அது.

2010இல் கல்லூரியில் விரிவுரையாளர் இடம் வந்தது. ஓர் ஆய்வேடு கேட்டார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும். உன் கொப்பியைப் பார்த்துப் பார்த்து ஆறு வாரத்தில் எழுதினேன். நன்றியுரையில் உன் பெயரைப் போட்டேன். தட்டச்சுக்குக் கொடுக்கும் நாளில் அதையும் எடுத்துவிட்டேன், யாராவது கேட்பார்கள் என்று. அடுத்த வருடம் உன் அண்ணாவைக் கட்டினேன். உன்னிடம் சொல்லச் சொல்ல நாள் தள்ளிப்போய், பிறகு சொல்லவே முடியாமல் போனது.

பதின்மூன்று வருடமாக மாணவர்களுக்கு இந்தச் செடியைப் படிப்பிக்கிறேன். மதியத்தில் இலை குளிரும் என்று கரும்பலகையில் எழுதுவேன். மாக்கிரட், நான் அந்த இலையை ஒருநாளும் தொட்டதில்லை. நீ மணலில் நின்ற வருடம் நான் ஆய்வுகூடத்தில் பாசிகளோடு இருந்தேன்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அடுத்த சனி, தனியாக பஸ் ஏறிப் பேசாலை போனேன். கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள மணலில் உன் செடிகள் இன்னும் இருக்கின்றன. பதினொரு கொடி எண்ணினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அக்கா, "என்ன பிள்ளை துலைச்சனீ?" என்று கேட்டா. ஒரு மணிக்கு வெப்பமானியை மணலில் வைத்தேன். ஐம்பத்தேழு. இலை முப்பத்தொன்று. பிறகு கையால் தொட்டேன். நெடுநேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்பேன்.

ஜூலி

*

பலெர்மோ
2 ஜூன் 2024

ஜூலி,

சுகம் விசாரிக்கிறேன், அது வழக்கம் என்பதால் மட்டுமல்ல. உனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. மருந்தை விட்டுவிடாதே.

உன் கடிதத்தை வேலை இடத்தில் வாசித்தேன். அன்று சிஞ்ஞோராவின் வீட்டில் நான் தேய்க்காத தரை இல்லை. மூன்றாம் நாள் அவரே வாளியைப் பிடுங்கி, யார் செத்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன்.

களவு எடுத்ததைவிட, டிசம்பரில் எழுதினாயே, வன்னியில் எதைக் காப்பாற்ற முடிந்தது என்று, அதுதான் என்னைச் சுட்டது. நீ அதைக் காப்பாற்றியிருந்தாய். அந்தப் பெரிய காரியத்தை ஒரு பொய்க்குத் திரையாக்கினாய். உன் உயிர் உறுதியில்லாத இடத்தில் என் கொப்பியைச் சட்டைக்குள் வைத்தவளும் நீ. இரண்டையும் ஒரே மனிசி செய்தாள் என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாள் பிடித்தது. முழுக்க விளங்கிவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

பதினெட்டு வருடம் வீடுகள் துடைத்தேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அந்த எண்கள் யாரோ ஒருவருக்கு வேலை வாங்கித் தரும் அளவுக்குச் சரியானவை என்று 2010இல் தெரிந்திருந்தால், நான் வேறு மாதிரி நடந்திருப்பேன். அதை நீ திருப்பித் தர முடியாது.

தர முடிந்ததைத் தா. கல்லூரித் தலைமையிடம் நீயே போய்ச் சொல்லு. நான் எழுதிப் போட்டுத் தெரியவந்ததாக இருக்கக் கூடாது. அண்ணாவுக்கும் நீயே சொல்லு. கொப்பியைப் பதிவுத் தபாலில் அனுப்பு. பேசாலையில் நீ எடுத்த அளவுகளையும் அனுப்பு. அவை உன்னுடையவை, அவை எனக்கு வேண்டும். ஒரு நாள் அளவு போதாது. மாதம் இரண்டு தரம் போய் எடு.

உன்னை வேலையால் நிறுத்தினால், என்ன செய்வதென்று அப்போது சேர்ந்து யோசிப்போம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

மாக்கிரட்

*

வவுனியா
28 ஜூலை 2024

அன்பின் மாக்கிரட்,

உன்னையும் றமேசையும் ஆண்டவர் நல்ல சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். நான் மருந்தை விடவில்லை.

கொப்பியை ஜூன் பதினெட்டாம் திகதி அனுப்பினேன். அன்றைக்கே பீடாதிபதியின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பதின்மூண்டு வருசம் கழிச்சு இதை ஏன் இப்ப வந்து சொல்லுறியள்?"

"இப்பதான் சேர் அந்த இலையைத் தொட்டனான்" என்றேன்.

அவருக்கு விளங்கியதோ தெரியாது. விசாரணை ஒரு மாதம் நடந்தது. ஆய்வேட்டை இரத்துச் செய்தார்கள். பிரிவின் பொறுப்பும் போய்விட்டது, பதவியில் ஒரு படி இறக்கியிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்குள் என் சொந்த வேலையால் புதிதாக ஓர் ஆய்வேடு கொடுக்க வேண்டும். ஆசிரியர் அறையில் சிலர் என்னோடு கதைப்பதில்லை. படிப்பித்தல் தொடர்கிறது. முதல் வகுப்பிலேயே, இந்த அளவுகளை எடுத்தவரின் பெயர் மாக்கிரட் என்று கரும்பலகையில் எழுதினேன்.

உன் அண்ணா நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை மோட்டார்சைக்கிளை வெளியே எடுத்து, "இண்டைக்கு அளக்கிற நாளெல்லே, ஏறும்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அவர்தான் கூட்டிப்போகிறார். எனக்கு மேல் குடை பிடித்தார். இலையில் நிழல் விழுகிறது, தள்ளி நில்லுங்கோ என்று கலைத்துவிட்டேன். மாதம் இரண்டு தரத்துக்குப் பதில் வாரம் ஒரு தரம் போகிறோம்; ஆறு நாள் அளவுகள் இத்துடன் இருக்கின்றன. ஒன்றில் இலை முப்பத்துநான்கு காட்டியது. பிழையோ என்று மறுபடி அளந்தேன், அதேதான். கொடியைப் பார்த்தால் ஆடு மிதித்துத் தண்டு நசுங்கியிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

றொஜர் கணிதத்தில் ஏ எடுத்திருக்கிறான்.

ஜூலி

*

பலெர்மோ
2 செப்ரெம்பர் 2024

அன்புள்ள ஜூலி மச்சாள்,

நீயும் அண்ணாவும் றொஜரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நேற்றுப் போனில் கேட்டேன்; இன்றைக்கும் அப்படியே இருக்கட்டும். றொஜருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறேன். நாங்கள் சுகம், கொஞ்சம் கறுத்துவிட்டோம்.

கொப்பி பத்திரமாக வந்தது. மட்டையில் உன் வியர்வைக் கறை இருக்கிறது. தொத்தோரெஸ்ஸா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தமிழ் தெரியாவிட்டாலும் எண்களை வாசித்தார். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் என் டிப்ளோமா எங்கே என்று கேட்டார். கொப்பியை அவர் பக்கம் தள்ளி, இதில் இருநூற்றுப் பதினான்கு நாள் அளவு இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றேன். இன்று காலை முதல் விதை அறையில் எனக்கு ஒரு மேசை, வாரத்தில் நான்கு நாள். மற்ற இரண்டு நாள் சிஞ்ஞோரா என்னை விடவில்லை. விதை எண்ணுகிறவளுக்குத் தரை துடைக்கக் கை கூசாதா என்று கேட்டார். நான் துடைக்கமாட்டேன், உங்களுக்குப் பத்திரிகை வாசிப்பேன் என்றேன். இப்போது வீடு துடைக்க வேறு ஆள் வருகிறாள்.

உன் ஆறு நாள் அளவுகளில் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது நசுங்கிய தண்டுதான். காம்பை வெட்டியபோது நடந்தது அங்கே தானாகவே மெதுவாக நடந்திருக்கிறது. அதை வைத்து ஒரு முழுப் பந்தி எழுதியிருக்கிறோம். கண்டதை மாற்றாமல் எழுதினாய். உன் மீது எனக்கு இன்னும் ஆறாத இடம் ஒன்று இருக்கிறது, அது இருக்கட்டும். வேலை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கட்டுரை இந்த மாதக் கடைசியில் போகிறது. மூன்று பெயர். என்னுடையது முதலில், அடுத்தது உன்னுடையது, பிறகு கிராசியாவுடையது. அப்படித்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். உன் பெயரை இவர்களுடைய எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். நான் ஒன்று சொன்னால் கிராசியா இன்னொன்று சொல்கிறார். எப்படி எழுத வேண்டும் என்று நீயே உன் கையால் எழுதி, கீழே ஒப்பமிட்டு, போனில் படம் எடுத்து அனுப்பு. எங்களுக்கு இருபதாம் திகதிக்குள் வேண்டும்.

அன்புடன்,
மாக்கிரட்